பரண் மேலே டிரெட்மில்லா? கொஞ்சம் பொறுங்க!

"வெளியே பனி கொட்டுது, வாக்கிங் போக முடியலை. பரண் சும்மாதானே கிடக்குது, அங்கேயே டிரெட்மில்லைப் போட்டுட்டேன்பா!"

லண்டனிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ உங்கள் மகன் போனில் இப்படிச் சொன்னால், சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். "தலைக்கு மேலே பஞ்சு மாதிரி ஏதாவது தெரியுதாப்பா?"

குளிர்நாட்டு வீடுகளில் சாய்வான கூரைக்குக் கீழே பெரிய பரண் இருக்கும். வீட்டுச் சூடு வெளியே போய்விடாமல் இருக்க, அங்கே மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு பஞ்சை அடைத்திருப்பார்கள். பிரிட்டனில் பரணில் பரப்பச் சொல்லும் கனம் 270 மில்லிமீட்டர். அதாவது ஒரு சாணுக்கும் மேலே! பார்க்க இலவம்பஞ்சு மாதிரி இருந்தாலும், பெரும்பாலும் அது கண்ணாடி இழை.

என்ன செய்யும்?

மெல்லிய கண்ணாடித் துகள்கள் தோலில் குத்தி அரிக்கும். கண் உறுத்தும். தொண்டை கரகரக்கும், இருமல் வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு கிளம்பலாம்.

"புற்றுநோய் வருமா டாக்டர்?" என்று பயப்படுகிறவர்களுக்கு ஓர் ஆறுதல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2001-ல் சான்றுகளை மறுபடி அலசியது. வீட்டுக் கூரைக்குப் பயன்படும் கண்ணாடிப் பஞ்சை, 'புற்றுநோய் தரும் என்று வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை' என்ற பிரிவுக்கு மாற்றியது.

அப்புறம் என்ன கவலை? சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றைத்தான் இழுக்கிறோம். வேகமாக ஓடினால் 50 லிட்டரையும் தாண்டும். அதுவும் வாயால்! மூக்கு என்ற வடிகட்டிக்கு வேலையே இல்லை. அசையாமல் கிடக்கும் பஞ்சு அதிகம் உதிராது. ஆனால் மெஷின் அதிர்ந்து, ஃபேனும் சுழன்றால் தூசு பறக்கத்தானே செய்யும்?

இதைக் கண்டால் தொடவே தொடாதீர்கள்!

அமெரிக்கா, கனடாவின் பழைய வீடுகளில் பஞ்சுக்குப் பதில் சாம்பலும் பழுப்புமாகச் சிறு கூழாங்கல் போலக் கொட்டிக் கிடந்தால், அது வெர்மிகுலைட்டாக இருக்கலாம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து, 1990-ல் அது மூடப்படும்வரை, ஏராளமாக வந்த சரக்கு இது. அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்த இழை நுரையீரலில் தங்கினால், நோய் பல வருஷம் கழித்துத்தான் தலைகாட்டும். பெருக்காதீர்கள், வேக்குவம் கிளீனரும் போடாதீர்கள். முதலில் பரிசோதனை, பிறகுதான் மற்றதெல்லாம்.

நுரைபோல் கெட்டியாக ஒட்டியிருந்தால் அது ஃபோம். எளிதில் தீப்பற்றும். மின்சார மெஷின் ஓடும் இடத்தில் அதை மூடாமல் விடக்கூடாது.

தரை தாங்குமா?

பல வீடுகளில் பரணின் மரச்சட்டங்கள் கீழ்அறைக் கூரையைத் தாங்கத்தான். ஓடுகிற ஆளைத் தாங்க அல்ல. ஓடும்போது ஒவ்வோர் அடியும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசையோடு விழுகிறது. மெஷினின் கனம் வேறு! எஞ்சினியரைக் கேட்காமல் ஏற்றவே வேண்டாம்.

கோடையில் பரண் கொதிக்கும். வியர்த்து, தலை கிறுகிறுக்கும்போது ஏணியில் இறங்கினால்..? பத்து நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு இறங்குங்கள்.

என்ன செய்யலாம்?

* பஞ்சு கண்ணில் படாதபடி ஜிப்சம் போர்டு அடித்து, இணைப்புகளை அடையுங்கள். கூரையோரக் காற்று வழியை மட்டும் அடைக்காதீர்கள்.
* அதுவரை மெஷின் கீழ் அறையிலேயே இருக்கட்டும். மாஸ்க் போட்டுக்கொண்டு ஓடுவது தீர்வல்ல; மூச்சு முட்டும்.
* பஞ்சு மேலே பட்டுவிட்டால் தேய்க்காமல், சொறியாமல் தண்ணீரில் கழுவுங்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.
* இருமல் விடாவிட்டால் டாக்டரிடம் போங்கள். பரண் விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.

நம்ம ஊர் மொட்டை மாடி ஷெட்டில் தண்டால் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலே இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால், கொக்கி மாட்ட அதில் துளை போடாதீர்கள், சுரண்டாதீர்கள். உடைந்து உதிர்கிறது என்றால் இடத்தை மாற்றுங்கள்.

உடற்பயிற்சி செய்வதே நல்ல மூச்சுக்காகத்தானே? மூச்சு விடும் இடமும் நல்லதாக இருக்கட்டுமே!