குறுஞ்செய்தியும் குழந்தைக் கரப்பானும்

கரப்பான் உயிரைப் பறிக்கும் நோயன்று. ஆதலால் சுகாதாரத் திட்டங்களின் முன்வரிசையில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. ஆயினும் இரவு முழுவதும் சொறிந்து அழும் குழந்தையையும், உறக்கமின்றி மறுநாள் கூலி வேலைக்குச் செல்லும் தாய் தந்தையரையும் கண்டவர்கள் இதனைச் சிறு நோய் என்று ஒதுக்கமாட்டார்கள். இழந்த உறக்கம், இழந்த ஊதியம், தவறான களிம்புகளுக்குச் செலவிட்ட பணம் ஆகியவை எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை. ஆனால் ஏழைக் குடும்பத்தின் வரவு செலவில் அவை உண்மையான இழப்புகளே. மருத்துவரைச் சந்திக்கும் சில நிமிடங்களில் சொல்லப்படும் அறிவுரையை வீட்டில் நாள்தோறும் நினைவூட்டக் கைப்பேசிக் குறுஞ்செய்தி எவ்வளவு பயன்படும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நோயின் இயல்பு

தோலின் மேற்புறம் உடலுக்கு ஒரு மதிலைப் போன்றது. உள்ளே உள்ள ஈரத்தைக் காப்பதும், வெளியே உள்ள கிருமிகளையும் உறுத்தும் பொருள்களையும் தடுப்பதும் அதன் பணி. கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு இம்மதில் பலவீனமாக இருக்கிறது. ஃபிலாக்ரின் என்னும் புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் ஏற்படும் குறைக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது 2006ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. கைக்குழந்தைகளுக்குக் கன்னங்களிலும், சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு முழங்கை, முழங்கால் மடிப்புகளிலும் இது மிகுதியாகத் தோன்றும். இது தொற்றுநோய் அன்று. வயது ஏற ஏறப் பல குழந்தைகளுக்குக் குறைந்துவிடுகிறது.

அடங்குவதும் மீண்டும் கிளம்புவதும் இந்நோயின் இயல்பு. எனவே சிகிச்சையின் பெரும்பகுதி மருத்துவமனையில் அன்றி வீட்டிலேயே நடைபெறவேண்டியிருக்கிறது. கடுமையான சோப்பைத் தவிர்த்தல், குறைந்த நேரம் குளிப்பாட்டுதல், குளித்தவுடன் ஈரப்பசைக் களிம்பு பூசுதல், மருத்துவர் எழுதித் தந்த மருந்தைக் குறித்த நாள் வரை பயன்படுத்துதல் ஆகியவை எளிய செயல்கள்தாம். எனினும் அரிப்பு நின்றவுடன் களிம்பும் நின்றுவிடுகிறது. நோய் திரும்பி வருகிறது.

ஸ்டீராய்டு களிம்பு பற்றிய குழப்பம் இதனினும் பெரிது. சிலர் அச்சத்தால் அதனைத் தொடுவதே இல்லை. வேறு சிலர் மருந்துக் கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் பூசுகின்றனர். இதனைக் கட்டுப்படுத்தவே 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. விதி இயற்றப்பட்டாலும் விளக்கம் வீட்டைச் சென்று சேர்ந்தால்தான் பயன் கிட்டும்.

கிடைத்துள்ள சான்றுகள்

குறுஞ்செய்தியின் ஆற்றலுக்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. சென்னை மருத்துவர் அம்பாடி ராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் நீரிழிவு வரக்கூடிய நிலையில் இருந்த 537 ஆண்களிடையே ஆய்வு நடத்தி, 2013ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அனைவருக்கும் தொடக்கத்தில் அறிவுரை கூறப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகள் தொடர்ந்து அனுப்பப்பட்டன. இரண்டு ஆண்டுகளில் செய்தி பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கும், பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கும் நீரிழிவு கண்டது.

கரப்பானைப் பொறுத்தவரை முடிவுகள் இவ்வளவு தெளிவாக இல்லை. அமெரிக்காவில் 25 நோயாளிகளுக்கு ஆறு வாரங்கள் நாள்தோறும் செய்தி அனுப்பிய முன்னோடி ஆய்வு ஒன்று 2010ஆம் ஆண்டில் நம்பிக்கையளித்தது. அங்கேயே 2018ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு சிறிய ஆய்வில், செய்தி பெற்ற குழந்தைகளுக்கும் பெறாத குழந்தைகளுக்கும் நோயின் கடுமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே செய்தியை அனுப்பிவிட்டதாலேயே நோய் தணியும் என்று எண்ணுவதற்கில்லை. யாருக்கு, எந்த மொழியில், எப்பொழுது, எதனைச் சொல்கிறோம் என்பதே பயனைத் தீர்மானிக்கிறது. இதனை ஓர் ஊரை வைத்துப் பார்த்தால் தெளிவாகும்.

மட்டாஞ்சேரி கற்பிக்கும் பாடம்

கேரளத்தின் முதல் கைப்பேசி உரையாடல் 1996ஆம் ஆண்டில் கொச்சியில்தான் நிகழ்ந்தது. பேசியவர் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1990 பிப்ரவரியில், எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. எழுத்தறிவும் கைப்பேசியும் ஒருங்கே உள்ள இம்மாவட்டத்தில் குறுஞ்செய்தித் திட்டத்திற்குத் தடையே இராது என்று தோன்றக்கூடும்.

மட்டாஞ்சேரியின் தெருக்களில் நடந்தால் இந்த எண்ணம் மாறும். நறுமணப் பொருள் வணிகம் பல திசைகளிலிருந்தும் மக்களை இங்குக் கொண்டுவந்து சேர்த்தது. மலையாளத்துடன் கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது ஆகியவை அடுத்தடுத்த தெருக்களில் வீட்டு மொழிகளாக உள்ளன. அருகே கோட்டைக் கொச்சியின் வெளுப்புத் துறையில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தொழில் செய்து வருகின்றன. நெருக்கமான வீடுகளும் கடற்கரையின் வியர்வைப் புழுக்கமும் தோல் நோய்களுக்கு வாய்ப்பான சூழல். இங்கே சிரங்கையும் கரப்பானையும் பிரித்தறிவதே முதல் தேவை. சிரங்கு தொற்றும், வீட்டார் அனைவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை வேண்டும். கரப்பான் அத்தகையதன்று.

ஒரு வசதியும் இங்கு உண்டு. கரப்பான் என்னும் சொல் தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொதுவானது. பாட்டிமார் அறிந்த அச்சொல்லையே செய்தியில் ஆளலாம். தேங்காயெண்ணெயும் வீட்டில் உள்ளதே. பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் எட்டு வாரங்கள் நடத்தி 2014ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், பதப்படுத்தாத தேங்காயெண்ணெய் கனிம எண்ணெயைவிடக் கூடுதலான பயன் தந்தது. மருத்துவர் இசைந்தால், விலையுயர்ந்த களிம்பு வாங்க இயலாத குடும்பத்திற்கு இது ஒரு வழி.

எழுபது இடங்கள்

குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். தமிழும் மலையாளமும் வேறு குறியீட்டு முறையைக் கொள்வதால் 70 இடங்களே உண்டு. அதிலும் 'கு' என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. கருவிக்கு இரண்டு இடங்கள். ஆகவே ஒரு செய்தியில் ஒரு செயலை மட்டுமே சொல்ல இயலும். எடுத்துக்காட்டாக, "குளித்த 3 நிமிடத்தில் உடல் ஈரமாக இருக்கும்போதே களிம்பு பூசுக." என்னும் செய்தி 61 இடங்களில் முடிகிறது. இக்குறுக்கம் ஒருவகையில் நன்மையே. அலுவலக நடையில் எழுத இங்கு இடமில்லை.

யார் கையில் கைப்பேசி?

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி உள்ள பெண்கள் கேரளத்தில் ஏறத்தாழ 87 சதவீதம். நாடு முழுவதிலும் ஏறத்தாழ 54 சதவீதம்தான். மருத்துவமனைச் சீட்டில் தந்தையின் எண் பதிவாகியிருந்தால், களிம்பு பூசவேண்டிய தாய்க்கோ பாட்டிக்கோ அன்றி, வளைகுடா நாட்டில் பணிபுரியும் தந்தைக்கே செய்தி போய்ச் சேரும். குழந்தையைக் குளிப்பாட்டுபவர் யார் என்று கேட்டு, அவருடைய எண்ணையும் அவர் படிக்கும் மொழியையும் பதிவு செய்வது திட்டத்தின் முதற்படி.

எழுத்தைப் படிக்க இயலாதவர்களுக்குக் குரல்வழிச் செய்தி ஏற்றது. 2016ஆம் ஆண்டில் மத்திய சுகாதார அமைச்சகம் தொடங்கிய கில்காரி திட்டம், கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயது நிறையும் வரை வாரம் ஒன்றாக 72 குரல்செய்திகளை வழங்குமாறு அமைக்கப்பட்டது. கரப்பான் பற்றிய செய்திகளுக்கும் இம்முறையைப் பின்பற்றலாம்.

நம்பகமும் காப்பும்

2017ஆம் ஆண்டில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி இயக்கத்தின்போது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கைப்பேசிகள் வழியே வதந்திகள் பரவியதை அதிகாரிகள் மறந்திருக்கமாட்டார்கள். மெய்யும் பொய்யும் ஒரே கருவியில்தான் வருகின்றன. ஆகவே குடும்பம் அறிந்த மருத்துவமனையின் பெயரில் செய்தி வரவேண்டும். மொத்தமாக அனுப்பப்படும் செய்திகளுக்கு, அனுப்புநரின் பெயரையும் வாசகத்தையும் முன்னதாகப் பதிவு செய்யவேண்டும் என்னும் 2018ஆம் ஆண்டு விதிமுறை இதற்குத் துணை செய்கிறது. குழந்தையின் நோய் விவரம் பிறர் கைக்குச் செல்லாதவாறு காப்பதும், பெற்றோரின் இசைவைப் பெறுவதும் கடமை. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குழந்தைகள் வகையில் இந்த இசைவை வலியுறுத்துகிறது.

காய்ச்சல், சீழ், வலியுடன் கூடிய கொப்புளங்கள் ஆகியவை தோன்றினால் காத்திராமல் மருத்துவரிடம் வரவேண்டும் என்னும் செய்தி மாதம் ஒருமுறையேனும் இடம்பெறவேண்டும். இல்லையேல் செய்தியே சிகிச்சை என்று மயங்கிக் குடும்பத்தார் காலந்தாழ்த்தும் ஆபத்து உண்டு.

முடிவுரை

1956ஆம் ஆண்டில் புனே வட்டாரத்தில் 150 கிராமங்களில் வானொலி மன்றங்கள் நடத்தப்பட்டன. கேட்டதோடு நில்லாமல், கிராமத்தார் கூடி அமர்ந்து விவாதித்ததே அம்முயற்சியின் சிறப்பு. கருவி மாறினாலும் இப்பாடம் மாறவில்லை. செய்தியைப் பெற்ற தாய் ஆஷா பணியாளரிடமோ செவிலியரிடமோ திருப்பி ஒரு கேள்வி கேட்க வழி இருக்கவேண்டும். அனுப்பிய செய்திகளின் எண்ணிக்கையைத் திட்டத்தின் வெற்றியாகக் கொள்வது தவறு. குழந்தை எத்தனை இரவுகள் அமைதியாக உறங்கியது என்று தாயிடம் கேட்டு, அந்த விடையைக் கணக்கில் எழுதும் நாளில்தான் இம்முயற்சி பயன் தந்ததா என்பதை நாம் அறிவோம்.