ஐ ஆம் மை ஓன் வைஃப் (நாடகம்)

ஐ ஆம் மை ஓன் வைஃப் (பொருள்: நானே என் மனைவி) என்பது அமெரிக்க நாடகாசிரியர் டக் ரைட் எழுதிய ஓராள் நாடகம் ஆகும். கிழக்கு பெர்லினில் பெண்ணுடையில் வாழ்ந்த சார்லொட்டே ஃபொன் மால்ஸ்டோர்ஃப் (1928–2002) என்பவரின் வாழ்க்கையை இது கூறுகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட பாத்திரங்களை ஒரே நடிகர் ஏற்கிறார். 2003இல் நியூயார்க்கில் மேடையேறிய இந்நாடகம் அதே ஆண்டு டிசம்பரில் பிராட்வேயின் லைசியம் அரங்கிற்குச் சென்றது. 2004இல் நாடகத்திற்கான புலிட்சர் பரிசையும் சிறந்த நாடகத்திற்கான டோனி விருதையும் பெற்றது.

சார்லொட்டே

இவரது இயற்பெயர் லோத்தார் பெர்ஃபெல்டே. நாசிக் கட்சியினரான தந்தை கொடுமைக்காரர். அவரைத் தாமே கொன்றதாகச் சார்லொட்டே கூறியுள்ளார். திருமணம் செய்துகொள்ளுமாறு கூறிய தாய்க்கு அவர் அளித்த விடையே நாடகத்தின் தலைப்பு. (இவரைக் குறிப்பிட ஆங்கிலத்தில் அவனா, அவளா என்று முடிவு செய்தாக வேண்டும், தமிழில் 'அவர்' என்பதே போதுமானது.)

பழைய கடிகாரங்கள், இசைப்பெட்டிகள், மரச்சாமான்கள் ஆகியவற்றைச் சேகரித்து, 1960இல் மால்ஸ்டோர்ஃபில் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தார். தற்பால்சேர்க்கையாளர் கூடும் இடமாக விளங்கிய 'முலாக்ரிட்செ' என்னும் மதுக்கடையின் கட்டடம் 1963இல் இடிக்கப்பட்டபோது, அதன் உட்பொருட்களைக் காப்பாற்றித் தம் அருங்காட்சியகத்தின் நிலவறையில் அப்படியே அமைத்தார். 1970களில் கிழக்கு பெர்லின் தற்பால்சேர்க்கையாளர் அங்கு ஒன்றுகூடினர். எழுதப்பட்ட வரலாற்றில் இடம்பெறாத ஒரு சமூகத்தின் நினைவு, மேசை நாற்காலிகளின் வடிவில் அங்கே எஞ்சியது எனலாம். 1992இல் ஜெர்மனி அரசு அவருக்குக் கூட்டாட்சிச் சிறப்புச் சிலுவை விருதை வழங்கியது.

நாடகம் உருவான விதம்

1990களின் தொடக்கத்தில் ரைட் பெர்லின் சென்று சார்லொட்டேயுடன் நடத்திய உரையாடல்களை ஒலிநாடாக்களில் பதிவு செய்தார். நாசி ஆட்சியையும் பொதுவுடைமை ஆட்சியையும் கடந்து வந்த ஒரு வீரரின் கதையை எழுதுவதே அவரது நோக்கம். ஆனால் கிழக்கு ஜெர்மனியின் உளவு அமைப்பான ஸ்டாசியின் கோப்புகள் வெளிவந்தபோது, சார்லொட்டே அதற்குத் தகவல் அளித்தவர் என்பது தெரியவந்தது. நாடகத்தில் இவ்விவகாரம் அவரது நண்பரான ஆல்ஃபிரட் கிர்ஷ்னரின் சிறைவாசத்துடன் பிணைக்கப்பட்டுள்ளது. தம்மைக் காட்டிக்கொடுக்கச் சொன்னவர் ஆல்ஃபிரடே என்கிறார் சார்லொட்டே. கோப்பு வேறுவிதமாகச் சொல்கிறது.

இதன்பின் ரைட்டால் நெடுங்காலம் எழுத இயலவில்லை. இறுதியில், தம்மையே ஒரு பாத்திரமாக்கித் தமது ஐயத்தையும் மேடையேற்றினார். தாம் நம்ப விரும்பிய ஒருவரை நம்ப முடியாமல் தவிக்கும் 'டக்' என்னும் அப்பாத்திரமே, இந்நாடகத்தை வெறும் புகழுரையாகாமல் காக்கிறது. சார்லொட்டே குற்றவாளியா இல்லையா என்று நாடகம் தீர்ப்புக் கூறுவதில்லை.

நடிப்பு முறை

மொய்செஸ் காஃப்மன் இயக்கிய முதல் தயாரிப்பில் ஜெஃபர்சன் மேய்ஸ் நடித்தார். கறுப்பு உடை, தலைத்துணி, முத்துமாலை ஆகியவையே சார்லொட்டேயின் தோற்றம். அதே உடையிலேயே நடிகர் படைவீரராகவும், ஸ்டாசி அதிகாரியாகவும், செய்தியாளராகவும் மாறுகிறார். குரலும் நிற்கும் விதமும் மட்டுமே வேறுபடுகின்றன. உயிர்பிழைக்க ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு முகம் காட்டிய ஒருவரின் கதைக்கு இம்முறை மிகவும் பொருந்துகிறது. மேய்ஸ் 2004இல் சிறந்த நடிகருக்கான டோனி விருதைப் பெற்றார்.

சிறுவன் லோத்தார் இரு சிங்கக்குட்டிகளுக்கு நடுவே அமர்ந்திருக்கும் ஒளிப்படத்துடன் நாடகம் முடிவடைகிறது.