இல்லாத நூலுக்கு ஓர் அணிந்துரை

நம் ஊர் நூல் வெளியீட்டு விழாக்களுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். நூறு பக்க நூலை வாங்கி வந்து வீட்டில் திறந்தால், முதலில் டத்தோவின் வாழ்த்துரை. அடுத்து சங்கத் தலைவரின் வாழ்த்துரை. பிறகு தலைமையாசிரியரின் அணிந்துரை, பேராசிரியரின் மதிப்புரை, பதிப்பாளர் உரை, நூலாசிரியரின் என்னுரை, மனைவிக்கு நன்றி. பக்கம் 31-இல்தான் முதல் கவிதை தலைகாட்டும். வாழ்த்துரை எழுதியவர்களில் பாதிப் பேர் நூலைப் புரட்டியே இருக்க மாட்டார்கள் என்பது மண்டபத்தில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். "இந்நூலாசிரியரை நான் பல ஆண்டுகளாக அறிவேன்" என்று ஓர் உரை தொடங்கினால், நூலை அறியேன் என்று பொருள்.

படிக்காமலேயே முன்னுரை எழுதலாம் என்றால், இன்னும் எழுதவே படாத நூலுக்கு எழுதினால் என்ன?

பூனைக்கு ஒன்பது பாகம்

இந்தக் குறும்பை நமக்கு முன்பே சில பெரியவர்கள் செய்துவிட்டார்கள். ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1851-இல் புது வீட்டுக்குக் குடிபோனபோது, படிப்பறைக் கதவைப் புத்தக அலமாரி போலவே அமைத்துக்கொண்டார். அதில் முதுகட்டை மட்டும்தான் இருக்கும். உள்ளே புத்தகம் இருக்காது. தலைப்புகளையெல்லாம் அவரே யோசித்துக் கொடுத்தார். பூனைக்கு ஒன்பது உயிர் என்பது ஆங்கிலேயர் பேச்சு. எனவே 'பூனையின் வாழ்க்கைகள்' 9 பாகம். நீதிமன்ற இழுத்தடிப்பைக் கிண்டல் செய்ய, 'ஒரு சிறிய வழக்கின் வரலாறு' 21 பாகம்!

டிக்கன்ஸ் தலைப்போடு நிறுத்திக்கொண்டார். 'சோலாரிஸ்' நாவலால் புகழ்பெற்ற போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்லாவ் லெம் ஒரு படி மேலே போனார். 1973-இல் அவர் வெளியிட்ட ஒரு நூலில், இல்லாத நூல்களுக்கான முன்னுரைகளே நிறைந்திருந்தன. பாக்டீரியாவுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்த விஞ்ஞானியின் நூலுக்கு ஒரு முன்னுரை. மனிதர் அல்லாமல் இயந்திரங்கள் எழுதிய இலக்கியத்தின் வரலாற்றுக்கு ஒரு முன்னுரை. அன்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இன்று பள்ளிக் கட்டுரையைக் கணினியிடம் எழுதி வாங்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நம்மால் அவ்வளவு எளிதாகச் சிரிக்க முடியவில்லை.

நன்னூல் கேட்கும் எட்டுக் கேள்வி

முன்னுரை என்ற கலையில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 13-ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில் அதற்கு இலக்கணம் வகுத்துவிட்டார். பாயிரத்துக்கு அவர் சொல்லும் பெயர்களைப் பாருங்கள்: முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை. எவ்வளவு விரிந்த நூலானாலும் பாயிரம் இல்லையென்றால் அது நூலே இல்லை என்பது அவர் கட்சி. இதுவரை யாரும் காணாததைக் கண்டு எழுதினாலும் தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளக் கூடாது என்கிறார். அதனால் ஆசிரியரோ, உடன் படித்தவரோ, மாணவரோ, உரைகாரரோ பாயிரம் எழுதித் தர வேண்டும். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் எழுதிய பனம்பாரனார், தொல்காப்பியரோடு சேர்ந்து படித்தவர் என்றுதான் சொல்வார்கள்.

சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும். நூலாசிரியர் யார்? நூல் வந்த வழி எது? வழங்கும் எல்லை எது? பெயர் என்ன? யாப்பு என்ன? எதைப் பற்றியது? கேட்போர் யார்? பயன் என்ன?

வானொலி அறிவிப்பாளருக்குச் சோறு போடுவதே முன்னுரைதான். பாட்டு தொடங்குவதற்குள் இருபது விநாடியில் படம், இசை, பாடகர் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். அந்தத் துணிச்சலில், செகிஞ்சான் முதல் கோல சிலாங்கூர் வரை நம் பக்கத்து நூல்கள் மூன்றுக்கு அணிந்துரை எழுதிப் பார்த்தேன். மூன்றும் எந்தக் கடையிலும் கிடைக்காது.

நம்ம ஊர் அலமாரி

நூல் 1: 'இதோ, பக்கத்துல வந்துட்டேன்' (பயண நூல், நான்கு பாகங்கள்)

"கோலாலம்பூரிலிருந்து செகிஞ்சான் சுமார் 100 கிலோமீட்டர்தானே என்று நம்பி, ஞாயிறு காலை புறப்பட்ட ஒரு குடும்பத்தின் வரலாறு இது. முதல் பாகம் ஈஜோக் வரை. இரண்டாம் பாகம் முழுவதும் தஞ்சோங் காராங் சமிக்ஞை விளக்கில் நடைபெறுகிறது. மூன்றாம் பாகத்தில் குழந்தைகள் பெரியவர்களாகிவிடுகிறார்கள். நான்காம் பாகத்தில் நெல்வயல் வருகிறது. ஆனால் அறுவடை முடிந்துவிட்டது. பச்சை வயலில் படம் எடுக்க வந்தவர்கள் வைக்கோலோடு எடுத்துக்கொண்டு, மீன் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். திரும்பும் பயணம் அடுத்த தொகுதியில். இந்த அணிந்துரையைக்கூட, எனக்குப் பின்னால் நின்ற காடியிலிருந்து இறங்கி வந்துதான் ஆசிரியர் கேட்டு வாங்கினார்."

நூல் 2: 'கண்ணளவு' (சமையல் நூல்)

"82 வயது பாட்டியின் முதல் நூல். இதில் கிராம் இல்லை, கரண்டி இல்லை. கொஞ்சம், கொஞ்சோண்டு, ஒரு கை, தேவைக்கு என்ற நான்கே அளவுகள். கருவாட்டுக் குழம்பு எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்று கேட்டோம். 'வாசம் வர்ற வரைக்கும்' என்றார். என்ன வாசம் என்று கேட்டதற்கு ஏற இறங்கப் பார்த்தார். பேத்தி கைத்தொலைபேசியில் பதிவு செய்ய முயன்றார். 'அதை வெச்சுட்டு வெங்காயத்த உரி' என்பதே அந்தப் பதிவின் முழு வடிவம். அதைப் பிற்சேர்க்கையாகத் தந்திருக்கிறோம்."

நூல் 3: 'தோட்டத்து முகவரிகள்' (வழிகாட்டி நூல்)

"வடசிலாங்கூர்த் தோட்டங்களில் வழி கேட்டால் கிடைக்கும் பதில்களின் தொகுப்பு. பக்கம் 12: 'ஆறாங்கட்டையில எறங்கி, பழைய ஆயாக் கொட்டகையத் தாண்டி, கள்ளுக்கடை இருந்த எடத்துல திரும்புனா கிராணி வீட்டு மாமரம் தெரியும். அதுக்கு எதிர் லயம்.' ஆசிரியர் நேரில் போய்ச் சரிபார்த்தார். ஆயாக் கொட்டகை இல்லை. கள்ளுக்கடை இல்லை. மாமரம் இல்லை. லயமும் இல்லை. செம்பனை மட்டும் இருக்கிறது. ஆனாலும் முகவரி சரிதான் என்று அங்கே பிறந்த ஐந்து பேர் அடித்துச் சொல்கிறார்கள். பிழைதிருத்தம்: பத்தாங் பெர்ஜுந்தை என்று வரும் இடங்களையெல்லாம் பெஸ்தாரி ஜெயா என்று திருத்திப் படிக்கவும். வழி கேட்கும்போது மட்டும் பழைய பெயரையே சொல்லவும்."

கேட்போர் யார்?

மூன்றாவதை எழுதும்போது பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகி, சனங்கள் தாமான்களுக்கும் பட்டணங்களுக்கும் பிரிந்து போனார்கள். பிரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, தோட்டத்துப் பள்ளி எல்லாம் இப்போது சில பெரியவர்களின் வாய்ப்பேச்சில்தான் இருக்கின்றன. அவர்கள் வழி சொல்லும்போது மட்டும் அந்த இடங்கள் எழுந்து நிற்கின்றன.

நம் கதைகளில் சிலவற்றுக்கு ஆசிரியர் கிடைத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த அகிலன் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட நம்மவர்களின் கதையை ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவலாக எழுதி வைத்தார்கள். கருவாட்டுக் குழம்பையும் ஆறாங்கட்டை மாமரத்தையும் எழுத யார் வருவார்கள்? பெரிய துயரத்துக்கு என்றாவது ஒருநாள் ஓர் எழுத்தாளர் கிடைக்கலாம். சின்னச் சின்னச் செய்திகளுக்கு வீட்டார்தான் உண்டு.

'ஒரு புத்தகம் எழுதுங்கள்' என்றால் எல்லாரும் ஓடிவிடுவோம். வேலை, போக்குவரத்து நெரிசல், பிள்ளைகளின் டியூஷன் என்று காரணம் ரெடி. ஆனால் இல்லாத நூலுக்கு வேடிக்கையாக ஒரு பக்க முன்னுரை எழுத ஒரு மாலை போதும். அதில் ஒரு தந்திரமும் இருக்கிறது. நன்னூலின் எட்டுக் கேள்விக்கும் பதில் வேண்டும் என்றால், பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டும். அம்மாயி, இந்தக் குழம்பு யார்கிட்ட கத்துக்கிட்டீங்க? அதுதான் 'வழி'. எந்தத் தோட்டத்தில்? அதுதான் 'எல்லை'. இதற்கு என்ன பேர் வைக்கலாம்? சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கிவிடுவார்.

அந்த எட்டில் எனக்குப் பிடித்தது ஏழாவது: கேட்போர். வானொலியில் எங்களுக்கும் முதல் கேள்வி அதுதான். யார் கேட்கிறார்கள் என்று தெரியாமல் ஒலிவாங்கி முன்னால் நெடுநேரம் பேச முடியாது. நம் வீட்டுப் பெரியவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்த ஞாயிறு செகிஞ்சானுக்கு மீன் சாப்பிட வருகிறீர்கள் என்றால், வழியில் தாத்தாவையோ பாட்டியையோ ஏற்றிக்கொள்ளுங்கள். தஞ்சோங் காராங் நெரிசலில் நேரம் நிறையக் கிடைக்கும். எட்டுக் கேள்விகளையும் கேளுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு ஓடட்டும். வெங்காயம் உரிக்கச் சொன்னால் உரித்துக்கொண்டே கேளுங்கள். நூல் வருவதும் வராததும் பிறகு.

அணிந்துரைக்கு டத்தோவைத் தேட வேண்டாம். நீங்களே எழுதலாம். "இந்நூலாசிரியரை நான் பல ஆண்டுகளாக அறிவேன்" என்று நீங்கள் எழுதினால், அது உண்மையாக இருக்கும்.