‘அடையாளம் தெரியாத சிப்பாய்’: ஃபெலா குட்டியின் இசையை எப்படிக் கேட்பது?

1977 பெப்ரவரி 18ஆம் திகதி, நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ஒரு வீட்டை ஏறத்தாழ ஆயிரம் இராணுவத்தினர் சுற்றிவளைத்தனர். உள்ளே இருந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளானார்கள். 76 வயதான ஒரு தாய் மாடி யன்னலிலிருந்து தூக்கி வீசப்பட்டார். வீடும் இசைக்கருவிகளும் ஒலிநாடாக்களும் எரிந்துபோயின. பின்னர் நடந்த அரச விசாரணை, இதைச் செய்தது ‘அடையாளம் தெரியாத சிப்பாய்’ என்று முடித்துக்கொண்டது.

விசாரணைக் குழுக்களின் அறிக்கைகளை வாசித்துப் பழகிய எமக்கு இந்தச் சொற்களின் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை. அந்த வீட்டுக்காரர் ஒரு பாடகர். பெயர் ஃபெலா குட்டி. அறிக்கை மறைத்ததை அவர் இசைத்தட்டில் பதிந்தார். அதுவும், கேட்பவரை ஆட வைக்கும் இசையில்.

அந்த இசைக்குப் பெயர் ஆஃப்ரோபீட். 1938இல் பிறந்த ஃபெலா, மருத்துவம் படிக்கவென 1958இல் இலண்டன் போய் இசைக் கல்லூரியில் சேர்ந்தவர். மேற்கு ஆபிரிக்காவின் ‘ஹைலைஃப்’ நடன இசையும் ஜாஸும் அவருக்குக் கைவந்திருந்தன. 1969இல் அமெரிக்கா சென்றபோது கறுப்பின உரிமைப் போராட்டத்தின் சிந்தனைகள் அவரைத் தொட்டன. நாடு திரும்பியதும், யொரூபா மக்களின் தாளங்களையும் அமெரிக்க ஃபங்க் இசையையும் இவற்றோடு சேர்த்தார். பாடுவதற்குத் தெருவில் பேசப்படும் பிஜின் ஆங்கிலத்தைத் தெரிந்தெடுத்தார். அதை லாகோஸின் சந்தைக்காரரும் விளங்கிக்கொள்வார், கானாவில் இருப்பவரும் விளங்கிக்கொள்வார்.

முதன்முறை கேட்பவருக்கு இந்த இசை அலுப்புத் தட்டலாம். ஒரு பாடல் பத்து நிமிடத்துக்கு மேல் போகும். முதல் சில நிமிடங்களுக்குக் குரலே வராது. குரலுக்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் பேஸ் கிற்றாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது ஒரே சிறு சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அதன்மேல் இன்னொரு கிற்றார், மணி கோத்த சுரைக்குடுக்கையின் சலசலப்பு, பிறகு ட்ரம்ஸ். அந்த ட்ரம்ஸை 1979 வரை வாசித்தவர் டோனி அலன். இரண்டு கைகளும் இரண்டு கால்களும் நான்கு வேறு ஆட்கள்போல வேலை செய்யும். ஆனால் ஒன்றோடொன்று மோதாது. பின்னர் ஊதுகருவிகள் ஒன்றாக எழும். இவ்வளவுக்கும் பிறகே ஃபெலா பாடுவார். எமது கூத்தில் பிற்பாட்டுக்காரர் போல, பெண்கள் குழு அவருக்கு மறுமொழி சொல்லும். உடல் தாளத்துக்குள் போன பிறகுதான் செய்தி வருகிறது. அதனால் அது எளிதில் வெளியே போகாது.

‘ஸொம்பி’ (1976) இதற்கு நல்ல உதாரணம். சொன்னதை மட்டும் செய்யும் நடைபிணமாக இராணுவச் சிப்பாயைக் காட்டி, அணிவகுப்புக் கட்டளைகளையே பாட்டாக்கிக் கேலி செய்கிறது. அந்தத் தாக்குதலுக்கான காரணங்களுள் ஒன்றாக இப்பாடல் பரவலாகக் கருதப்படுகிறது.

வீசப்பட்ட தாய் ஃபுன்மிலாயோ ரான்சம் குட்டி, 1940களில் அபெயோகுட்டா நகரில் பெண்கள்மீதான வரிக்கு எதிரான போராட்டத்தை வழிநடத்தியவர். 1978 ஏப்ரலில் அவர் இறந்தார். மகன் ஒரு சவப்பெட்டியை இராணுவ ஆட்சித் தலைவரின் இருப்பிடமான டோடன் முகாமின் வாசலுக்கே கொண்டுபோனார். அதைப் பற்றி ஒரு பாடலும், ‘அன்நோன் சோல்ஜர்’ (1979) என்று அரை மணி நேரம் நீளும் இன்னொரு பாடலும் செய்தார். விசாரணையின் சொல்லையே தலைப்பாக வைத்து, அன்று நடந்ததை வரிசையாகச் சொல்லும் பாடல் அது. அந்த விசாரணை இன்று நினைவில் இருப்பதற்கே இந்தப் பாடல்தான் பெரும் காரணம்.

ஃபெலாவை வழிபடத் தேவையில்லை. அந்தத் தாயின் மகனே ‘லேடி’ பாடலில் சமத்துவம் கேட்ட பெண்களை எள்ளினார். 1978இல் ஒரே நாளில் 27 பெண்களை மணந்தார். இதையும் தெரிந்துகொண்டே கேட்கலாம்.

தொடங்குவதற்கு, 1975இல் வந்த ‘வோட்டர் நோ கெட் எனிமி’ மிகவும் இதமானது. அடுத்து ‘ஸொம்பி’. அதன்பின் ‘அன்நோன் சோல்ஜர்’. இதை ஆறுதலான ஒரு நாளில் கேளுங்கள், சிலருக்குப் பழைய காயங்களைக் கிளறக்கூடும். ஆஃப்ரோ ஃபங்க் பக்கம் போக விரும்பினால், கானாவின் எபோ டெய்லர், பெனின் நாட்டின் ‘ஓர்கெஸ்டர் பொலி ரித்மோ’ ஆகியோரிடமிருந்து ஆரம்பிக்கலாம். இன்று உலகெங்கும் ஒலிக்கும் ‘ஆஃப்ரோபீட்ஸ்’ என்பது வேறு, குறுகிய பாடல்களைக் கொண்ட புதிய பொப் இசை. பெயரில் ஓர் எழுத்துத்தான் கூட, தேடும்போது கவனம்.

சாட்சியம் என்றால் அழுகுரலில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஃபெலாவின் சாட்சியத்தைக் கேட்டு அரை நூற்றாண்டாக மக்கள் ஆடுகிறார்கள். ஆடிக்கொண்டே, நடந்தது என்னவென்றும் தெரிந்துகொள்கிறார்கள்.