குரல் யார் பக்கம் சாய்கிறது?

நான்கு பேர் கூடிப் பேசும்போது அவர்களின் குரல்கள் தனித்தனியே இயங்குவதில்லை. வேகம், ஏற்ற இறக்கம், இடைநிறுத்தம் ஆகியவை சற்று நேரத்திலேயே ஒன்றையொன்று நெருங்கத் தொடங்குகின்றன. 1970-களில் இதைக் கோட்பாடாக வகுத்தவர் சமூக உளவியலாளர் ஹோவர்ட் ஜைல்ஸ். நாம் இணங்க விரும்புபவரின் பேச்சை நெருங்குகிறோம், ஒதுங்க விரும்புபவரின் பேச்சிலிருந்து விலகுகிறோம் என்பது அதன் சாரம்.

சுற்றிலும் இரைச்சல் மிகும்போது நம்மையறியாமல் குரலை உயர்த்துவதை, 1911-இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் விளக்கினார். திருமணப் பந்தியில் எல்லோரும் உரக்கப் பேசி, எவர் பேச்சும் எவருக்கும் கேட்காமல் போவது இதனால்தான். 'புறவிளைவு' என்பதை மாணவர்களுக்கு விளக்க இதைவிட எளிய உதாரணம் கிடைப்பது அரிது.

ஆனால், குரல்கள் நெருங்கும்போது யார் எவ்வளவு தூரம் நகர்கிறார்? அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்டான்ஃபோர்டு கிரிகரி, ஸ்டீபன் வெப்ஸ்டர் இருவரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. தொலைக்காட்சி நெறியாளர் லாரி கிங், 25 விருந்தினர்களுடன் நடத்திய நேர்காணல்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். 500 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியை மட்டும் பிரித்து அளந்தனர். அதை மட்டும் தனியே கேட்டால் சொற்கள் விளங்கா, முணுமுணுப்புதான் எஞ்சும். ஜார்ஜ் புஷ், பில் கிளிண்டன் போன்றோரிடம் பேசுகையில் கிங்கின் குரல் அவர்களை நோக்கி நகர்ந்தது. துணை அதிபராக இருந்த டேன் குவேலின் குரலோ கிங்கை நோக்கி நகர்ந்தது. பதவியைவிட, மற்றவர் மனதில் பெற்றிருந்த மதிப்பையே குரல் கணக்கிட்டது போலும்! 2002-இல் வெளியான மற்றோர் ஆய்வில், 8 அதிபர் தேர்தல்களின் 19 விவாதங்களில் இதே அளவுகோல், மக்கள் வாக்கில் முந்தியவரைச் சரியாகக் காட்டியது.

நமது குழுக் கூட்டங்களை இங்கே எண்ணிப் பார்க்கலாம். தலைவர் முதலில் பேசுகிறார். மற்றவர்களின் குரல் அவரது தொனிக்குள் அடங்குகிறது. 'ஒருமனதாக' என்று பதிவாகிறது. அவையில் குரல்கள் இசைந்ததைக் கருத்தொற்றுமை என்று எழுதிவிடுகிறோம். மாற்றுக் கருத்து இருந்தவர் அதைச் சொல்லும் தொனியையே இழந்துவிட்டிருப்பார். இந்த இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

இராணுவ நீதிமன்றங்களில், பதவியில் இளையவரே முதலில் தம் முடிவைச் சொல்ல வேண்டும் என்னும் மரபு பல நாடுகளில் உண்டு. கட்டளைக்குக் கீழ்ப்படிவதையே முதல் கடமையாகக் கொண்ட அமைப்புக்கே இந்த முன்னெச்சரிக்கை தேவைப்பட்டிருக்கிறது. பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்களும் நேர்முகத் தேர்வுக் குழுக்களும் இதைப் பின்பற்ற ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.