மஞ்சள் மூளைக்குப் போய்ச் சேர்கிறதா?

மஞ்சள் மாத்திரை மறதிநோயைத் தடுக்கும், நோய் எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்று நம்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியை மைசூருவின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் விஜயலட்சுமி ரவீந்திரநாத்தும் சந்திரசேகராவும் 1980-லேயே கேட்டுவிட்டார்கள்: மஞ்சளில் இருக்கும் குர்குமினை விழுங்கினால் அது எங்கே போகிறது? எலிகளுக்கு 400 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 60 சதவீதம் குடலைவிட்டு மறைந்தது. ஆனால் இதய ரத்தத்தில் குர்குமின் தென்படவே இல்லை. குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் துளிதான் இருந்தது. சிறுநீரில் குளுக்குரோனைடுகளும் சல்பேட்டுகளும் கூடின. அதாவது, உடல் குர்குமினை இந்த வடிவங்களாக உருமாற்றி வெளியே தள்ளிவிடுகிறது. ரத்தத்திலேயே நிற்காத பொருளை மூளை மருந்து என்று விற்பது எனக்கு ஏற்கத்தக்கதாகத் தெரியவில்லை.

மூளைக்குள் போகாமலே ஒரு பொருள் மூளைக்கு உதவாதா என்று கேட்கலாம். உதவும். அதைக் காட்டியவர்களில் ஒருவர், பின்னாளில் நரம்பியல் அறிஞராகப் பெயர்பெற்ற அதே விஜயலட்சுமி. 2012-இல் அவரது குழு அல்சைமர் கூறுகள் கொண்ட எலிகளுக்கு அமுக்கரா வேரின் சாற்றைக் கொடுத்தது. மூளையில் படிந்த அமிலாய்டு குறைந்தது. கல்லீரலில் ஒரு புரதம் கூடியதே அதற்குக் காரணம். கல்லீரலில் அந்தப் புரதத்தைக் குறைத்ததும் பலனும் போயிற்று. பாதையை அடைத்துப் பார்த்து நிறுவும் இப்படிப்பட்ட சான்று குர்குமினுக்கு வேண்டும். அமெரிக்காவில் 2012-இல் அல்சைமர் நோயாளிகளுக்கு 24 வாரம் கொடுத்த சோதனையில் பலன் தெரியவில்லை. 2018-இல் மறதிநோய் இல்லாத 40 பேரிடம் நினைவாற்றல் மேம்பட்டது உண்மைதான். ஆனால் உடலில் எளிதாகச் சேரும்படி தயாரித்த தனி வகை அது, ஆட்களும் குறைவு. சோதனைக்குழாயில் கிடைத்த வெற்றிகளையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. குர்குமின் தானே ஒளிரும், உலோகங்களைப் பற்றும், சீக்கிரம் சிதையும். அளவீட்டையே ஏமாற்றிவிடும் என்று 2017-இல் வேதியியலர்கள் எச்சரித்தார்கள்.

மிளகு சேர்த்தால் சரியாகிவிடும் என்பார்கள். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998-இல், 2 கிராம் குர்குமினோடு மிளகில் இருக்கும் பைப்பரினை 20 மில்லிகிராம் கொடுத்தபோது மனித ரத்தத்தில் குர்குமின் 2000 சதவீதம் கூடியது. ஏறக்குறைய ஒன்றுமில்லாததன் பெருக்கம் அது; அதுவும் சிறிது நேரத்துக்கே. தவிர, கல்லீரல் தன் வேலையைச் செய்யவிடாமல் தடுத்துத்தான் பைப்பரின் இதைச் சாதிக்கிறது. குழம்பில் போடும் சிட்டிகைத் தூளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அதில் குர்குமின் 3 சதவீதம் அளவுதான். கவலை, செறிவூட்டிய மாத்திரை பற்றியது. மஞ்சளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட பத்துப் பேரை அமெரிக்க ஆய்வொன்று 2022-இல் விவரித்தது. ஒருவர் இறந்தார். ஏழு பேரிடம் எச்எல்ஏ-பி*35:01 என்ற ஒரே எதிர்ப்பாற்றல் மரபணு வகை இருந்தது: எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்று விற்கப்படும் பொருள், சிலரிடம் அதே எதிர்ப்பாற்றலைக் கல்லீரல் மீது திருப்பிவிடுகிறது என்பதற்கான வலுவான தடயம் இது.