செங்கல் சரி, சாந்து?

முன்கையில் ஒரு துண்டு செலோடேப்பை ஒட்டி, அழுத்தி, உரித்துப் பாருங்கள். மாவு பூத்தாற்போல் மங்கலாக ஏதோ ஒட்டியிருக்கும். செத்த செல்கள். தோல் ஆராய்ச்சியாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள், ஒரே இடத்தில் பத்து இருபது தடவை. பிறகு அங்கிருந்து எவ்வளவு நீர் ஆவியாகிறது என்று கருவி வைத்து அளக்கிறார்கள். உரித்த இடத்தில் அளவு எகிறும். களிம்பைத் தடவினால் அது எத்தனை மணி நேரத்தில் இறங்குகிறது என்பதுதான் களிம்புக்கு வைக்கும் பரீட்சை.

அப்படி உரிந்து வருவது தோலின் மேலடுக்கு. உள்ளங்கை, பாதம் நீங்கலாக, மில்லிமீட்டரில் நூறில் ஒன்றோ இரண்டோ பங்கு கனம், அவ்வளவுதான். அமெரிக்கத் தோல் மருத்துவர் பீட்டர் எலியாஸ் இதைச் சுவருக்கு ஒப்பிட்டார்: செத்த செல்கள் செங்கல், இடையில் நிரம்பிய கொழுப்பு சாந்து. சாந்தில் ஏறக்குறையப் பாதி செராமைடு, கால்வாசி கொலஸ்ட்ரால், மிச்சத்தில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்த்துப் பயப்படுகிறோமே, அதே கொலஸ்ட்ரால்தான்.

1990-களில் சான் பிரான்சிஸ்கோவில் எலியாஸ் குழுவினர் ரோமமில்லாச் சுண்டெலிகளின் தோலை அசிட்டோனால் துடைத்து, சாந்தைக் கரைத்துவிட்டு, இந்த மூன்றையும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தார்கள். ஒன்றையோ இரண்டையோ மட்டும் தடவியபோது தோல் தேறுவது தாமதமாயிற்று. மூன்றும் சமமாகச் சேர்ந்தபோது இயல்பாகத் தேறியது. ஒன்றை மட்டும் மூன்று பங்காக்கியபோது இன்னும் வேகம். தடவிய கொழுப்பு மேலேயே நிற்பதில்லை. உயிருள்ள செல்களுக்குள் இறங்கி, அங்கே தயாராகும் சாந்தோடு கலந்து வெளியே வருகிறது. சிமெண்டை மட்டும் அள்ளிக் கொட்டினால் பூச்சு வெடிக்கும் என்பது கொத்தனாருக்குத் தெரியும். கிரீம் விளம்பரக்காரர்களுக்குத்தான் தெரிவதில்லை.

பெட்ரோலியம் ஜெல்லியின் வழி வேறு. அது செல்லுக்குள் போவதில்லை. செங்கல் இடுக்குகளில் புகுந்து உடனே நீரை மறிக்கிறது.

எண்ணெய்களிலும் பேதம் உண்டு. டாக்கா மருத்துவமனை ஒன்றில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியதில் தொற்று 41 சதவீதம் குறைந்ததாக 2005-ல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. அதே நம்பிக்கையில் ஆலிவ் எண்ணெயை எடுக்காதீர்கள். அதில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலம் சாந்தைக் குலைக்கிறது.

'செராமைடு' என்று பெரிதாக அச்சிட்ட கிரீம் வாங்கப் போகிறீர்களா? டியூபைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும் பட்டியலில் இல்லையென்றால், அந்தக் காசுக்கு மருந்துக்கடையில் சாதாரண வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி நாலைந்து டப்பா வாங்கலாம்.